ரெண்டாம் நம்பர் கணக்கு

'அன்பு' என்று ஓர் எழுத்து. 'ஆள்' என்று ஓர் எழுத்து. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் சீனாவில் வாழ்க்கைத் துணை என்று அர்த்தம். ஊரறியக் கைப்பிடித்த மனைவி அல்லது கணவர். அதே இரண்டு எழுத்தைக் கப்பலேற்றி ஜப்பானில் கொண்டுபோய் இறக்குங்கள். 'ஐஜின்' என்று படிப்பார்கள். அர்த்தம்? சின்ன வீடு!

எழுத்து மாறவில்லை. நடுவில் ஒரு கடல். அதைத் தாண்டுவதற்குள் பெண்டாட்டி, பெண்டாட்டி இல்லாமல் போய்விட்டாள்.

1985ல் இந்த 'ஐஜின்' என்ற தலைப்பிலேயே ஒரு பாட்டு வந்து ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. பாடியவர் தெரெசா டெங். தைவானில் பிறந்தவர். தேனில் நனைத்த பஞ்சு மாதிரி ஒரு குரல். பாட்டில் ஒரு பெண் காத்திருக்கிறாள். அவனோடு ஊருக்குள் சேர்ந்து நடக்க அவளுக்கு வழியில்லை. பரவாயில்லை, இந்த அறைக்குத் திரும்பி வந்தால் போதும் என்கிறாள். அவ்வளவுதான் கதை. கோபம் கிடையாது, சாபம் கிடையாது, 'எனக்கு ஒரு வழி சொல்லு' என்ற பஞ்சாயத்தும் கிடையாது.

அந்த வருஷம் டிசம்பர் 31 ராத்திரி, என்.ஹெச்.கே. தொலைக்காட்சியின் 'கோஹாகு' நிகழ்ச்சியில் அவர் இதைப் பாடினார். கோஹாகு என்றால் சாதாரண நிகழ்ச்சி இல்லை. புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பேரன், பேத்தி என்று குடும்பமே டி.வி. முன்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே பார்க்கிற நிகழ்ச்சி. அந்த நடுக்கூடத்தில் வந்து சின்ன வீட்டுக்காரி பாடுகிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

இது எப்படி சார் முடிந்தது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகையில் எனக்கு வாய்த்தது வியாபாரப் பக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிய காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த ரோட்டில் போவேன். அப்படிப் பழக்கமானவர்தான் அந்தப் பெரியவர். ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குவழக்குக்குத் தலைவர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருஷம் பாக்கி. ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி எண்ணித்தான் செலவு செய்வார். தமிழில் 'சரி', 'போதும்', 'பரவாயில்லை' மூன்றும் தெரியும். அதை வைத்தே சென்னையில் ஐந்து வருஷம் ஓட்டியிருக்கிறார். நமக்கே அதற்கு மேல் என்ன தேவைப்படுகிறது?

அவர் காரில் எப்போதும் பழைய பாட்டுதான் ஓடும். ஒருநாள் "இது என்ன பாட்டு?" என்று கேட்டேன். "த்ஸுகுனை" என்றார். 1984ல் தெரெசா டெங் பாடியது.

"அப்படின்னா?"

சாப்பிடப் போன இடத்தில் காகிதக் கைத்துடைப்பான் ஒன்றை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. "இந்தப் பக்கம் விழுந்த ஓட்டையை அந்தப் பக்கத்தால் அடைப்பது" என்றார். ஈடு கட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அது!

ஒரு காதல் பாட்டுக்கு இதைவிட வறட்டுத் தலைப்பு வைக்க முடியுமா? ஆனால் பாட்டு வறட்டுப் பாட்டு இல்லை. சாயங்கால வெயில் விழுகிற ஓர் அறை. அவள் அவனைவிட்டுப் போகிறாள். போகிறபோது சிகரெட்டைக் குறைத்துக்கொள், என்னைவிட நல்ல பெண்ணாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பற்று எழுதியவன் ஒருத்தன், வரவு வைத்துவிட்டுப் போகிறவள் ஒருத்தி.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். அவர் ஒரு பாட்டைச் சொல்வார், நான் கதை கேட்பேன். இரண்டு கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து கள்ளக்காதல் பாட்டுக்கு ஆடிட் செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

'ஹோட்டல்' என்று ஒரு பாட்டு. நகானிஷி ரேய் எழுதியது. பின்னாளில் நாவலுக்காக நவோகி பரிசு வாங்கியவர். அந்தப் பெண் கடிதம் எழுதக் கூடாது, போன் பண்ணக் கூடாது, பார்ப்பதானால் ஹோட்டலில்தான். ஒருநாள் அவனுடைய கறுப்பு டெலிபோன் டைரி தற்செயலாக அவள் கண்ணில் படுகிறது. அவள் நம்பர் இருக்கிறது. பெயர் மட்டும் ஓர் ஆம்பிளைப் பெயர்! இன்றைக்கு செல்போனில் 'ஏ.சி. மெக்கானிக்' என்று பதிந்து வைத்திருக்கும் கனவான்களுக்கெல்லாம் முன்னோடி அவன்தான்.

1985ல் வந்த 'கொய் நி ஒசிதே' இன்னொன்று. காதலில் விழுந்து என்று அர்த்தம். கொபயாஷி அகிகோ பாடியது. 'வெள்ளிக்கிழமை மனைவியருக்கு' என்ற பிரபல டி.வி. தொடரின் மூன்றாம் பாகத்துக்கான பாட்டு. டோக்கியோவுக்கு வெளியே புதுப்புது வீடு கட்டிக் குடியேறிய நடுத்தரக் குடும்பங்கள், அவற்றுக்குள் தடம் மாறும் கணவன்மார்கள், மனைவிமார்கள் என்று போகும் தொடர். பாட்டில் இருப்பவளுக்கு வாரநாள் பிரச்னை இல்லை. சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவளுடையது இல்லை. அன்றைக்கு அவன் குடும்பஸ்தன். போன் டயலைச் சுழற்ற ஆரம்பித்து, பாதியிலேயே கையை எடுத்துவிடுகிறாள்.

கள்ள உறவுக்கு அதற்கு முன்னால் ஜப்பானில் வழங்கிய சொல் 'உவகி'. மனசு மிதப்பது என்று அர்த்தம். கேட்கவே லேசாக இருக்கிறது, இல்லையா? இந்தத் தொடரெல்லாம் வந்த காலத்தில்தான் 'ஃபுரின்' என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்க ஆரம்பித்தது. அறத்துக்குப் புறம்பானது என்று பொருள். சொல் கனமாகிப் போனது. பாட்டு மட்டும் அதே மென்மையோடு ஓடிக்கொண்டிருந்தது.

மென்மை என்று சொன்னதும் பெரியவர் விரலை ஆட்டி 'அமாகி கொஏ' என்ற பாட்டைப் போட்டுக் காட்டினார். 1986. இஷிகாவா சயூரி. இஸு தீபகற்பத்து மலைக்கணவாய் ஒன்றைத் தாண்டிப் போகிற காதல். இந்தப் பெண் காத்திருக்கிற ரகம் இல்லை. உன்னை இன்னொருத்தி கொண்டுபோவதைவிட நானே கொன்றுபோட்டாலும் போட்டுவிடுவேன் என்கிற ரகம். அருவி, பாலம், சுரங்கப்பாதை என்று நிஜ இடங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அந்தச் சுரங்கம் 1905ல் திறந்தது. கல் கட்டுமானம், கிட்டத்தட்ட 446 மீட்டர் நீளம். இன்றைக்கும் நடந்து போகலாம். ஜோரென் அருவிக்குப் பக்கத்தில் இந்தப் பாட்டுக்குக் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். கொலைவெறிக் காதலுக்கு ஊர்க்காரர்கள் கல்வெட்டு வைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டெல்லாம் எந்த வழியாகப் பரவியது? பெரிய வழி, ராத்திரி மதுக்கடை. அங்கே 'யூஸென்' என்று ஓர் ஏற்பாடு. கடைகளுக்குக் கம்பி இழுத்து நாள் முழுக்கப் பாட்டு அனுப்பும் சேவை. கடையிலிருந்து போன் பண்ணி 'இன்ன பாட்டைப் போடு' என்று கேட்கலாம். அந்த விருப்பங்களை எண்ணித்தான் அந்தக் காலத்தில் வரிசை போட்டார்கள், விருது கொடுத்தார்கள். தெரெசா டெங் 1984, 85, 86 என்று மூன்று வருஷம் தொடர்ச்சியாகப் பெரிய பரிசை வாங்கியது இந்தக் கம்பி வழியில்தான். அதாவது, ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒருத்தர் போனை எடுத்து 'ஐஜின் போடுங்க' என்று தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். அந்த மாதிரி ஆயிரமாயிரம் குரல்கள்.

பிறகு கரோகே. 1971ல் கோபே நகரத்தில் இனோஉஎ தைசுகே என்ற இசைக்காரர் 11 இயந்திரங்கள் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. பி.காம். படித்தவனுக்கு வயிறு எரியும் தகவல் இது. அந்த இயந்திரம் வந்த பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்களும் பாட ஆரம்பித்தார்கள். பகலில் மேலதிகாரிக்கு முன்னால் வாய் திறக்காத குமாஸ்தா, ராத்திரி டையைத் தளர்த்திவிட்டு, காத்திருக்கும் பெண்ணின் குரலில் உருகுவார்.

கடைத்தெருவில் பழகினவர்களுக்கு 'ரெண்டாம் நம்பர் கணக்கு' என்றால் என்னவென்று தெரியும். ஒரு நோட்டு வரி ஆபீசருக்குக் காட்ட, இன்னொரு நோட்டு கல்லாவுக்கு அடியில். நிஜமான கொடுக்கல் வாங்கல் எதில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சமூகத்துக்குச் சட்டம், பேச்சு, மரியாதை எல்லாம் முதல் நோட்டு. பாட்டு, ரெண்டாம் நோட்டு.

முதல் நோட்டையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடலாம். ஜப்பானின் 1907ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டத்தில் 183ஆவது பிரிவு. கல்யாணமான பெண் தடம் மாறினால் அவளுக்கும் அவளோடு இருந்தவனுக்கும் இரண்டு வருஷம் வரை சிறை. கணவன் புகார் கொடுக்க வேண்டும். அதே கணவன் கல்யாணமாகாத பெண்ணோடு போனால்? அந்தப் பக்கம் எழுத சட்டத்தில் இடமே விடவில்லை. 1912ல் இந்தப் பிரிவில் மாட்டியவர் கிதஹாரா ஹகுஷு. பெரிய கவிஞர். பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடு காதல், கணவர் புகார், இரண்டு வாரம் போலச் சிறை, அப்புறம் சமரசம். மறு வருஷம் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்து கடலோரத்தில் குடியிருந்தபோது, ஜோகஷிமா தீவில் பெய்யும் மழையைப் பற்றி அவர் எழுதிய பாட்டு ஜப்பான் முழுக்கப் பரவியது. இன்று ஜப்பானியப் பிள்ளைகள் பாடும் எத்தனையோ குழந்தைப் பாடல்கள் அவர் எழுதியவை. ஜெயிலுக்கு அனுப்பியது முதல் நோட்டு. தாலாட்டுக்குச் சேர்த்துக்கொண்டது ரெண்டாம் நோட்டு.

போருக்குப் பிறகு ஆணும் பெண்ணும் சமம் என்று புது அரசியல் சட்டம் வந்தது. 1947ல் 183ஐ எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் இதே சங்கதி தலைகீழ். 497ஆவது பிரிவில் ஆண் மட்டும்தான் குற்றவாளி, பெண்ணைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதை 2018ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டு சட்டத்துக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: மனைவி என்பவள் கணவனின் சொத்து.

ஜப்பானில் இப்போது சிறை இல்லை, பில் உண்டு. பாதிக்கப்பட்ட மனைவியோ கணவனோ துணையிடம் மட்டுமில்லை, நடுவில் வந்த மூன்றாம் ஆளிடமும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 'இஷர்யோ' என்று பெயர். மனசை ஆற்றுவதற்கான பணம். ஊர் வாயும் லேசில் விடாது. 2016ல் ஒரு பெண் டி.வி. நட்சத்திரம் கல்யாணமான பாடகர் ஒருவரோடு பழகியதை ஒரு வார இதழ் அம்பலப்படுத்தியது. விளம்பரங்கள் போயின, நிகழ்ச்சிகள் போயின. அவளுக்கு விழுந்த அடிதான் பலம். பாட்டில் வந்தால் கல்வெட்டு. நேரில் வந்தால் கல்லடி.

இத்தனையும் கேட்டு முடித்த பிறகு எனக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பெரியவரிடம் கேட்டுவிட்டேன்.

"சார், காத்திருக்கிறவளுக்குப் பாட்டு இருக்கு. கொல்றவளுக்குப் பாட்டு இருக்கு. வீட்டுல இருக்கிற மனைவிக்குப் பாட்டு எங்கே?"

சிரித்தார். "இருக்கிறது. ஆனால் காமெடிப் பாட்டு" என்றார். 1982ல் வந்த 'மூன்றாம் வருஷத்து உவகி'. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆச்சு, ஒரு தப்பைக் கண்டுக்காம விடேன் என்று கணவன் கெஞ்ச, மனைவி வாங்கு வாங்கென்று வாங்குவாள். ஆபீஸ் விருந்துகளில் இன்றும் பாடுவார்களாம். எல்லோரும் சிரிப்பார்கள். ஆக, சின்ன வீட்டுக்கு சோக ராகம், பெரிய வீட்டுக்கு நகைச்சுவைக் காட்சி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சிகமாத்ஸு என்ற நாடகாசிரியர் 1720 வாக்கில் பொம்மலாட்ட மேடைக்கு எழுதிய 'அமிஜிமா' நாடகத்தை டொனால்ட் கீனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன். ஜிஹேய் ஒரு காகித வியாபாரி. கொஹாரு என்ற தாசியிடம் மனசைக் கொடுத்தவன். வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடப்பான். ஆள் வருகிற சத்தம் கேட்டதும் மணிச்சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற மாதிரி நடிப்பான். (இந்தக் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நம் ஆள்!) மனைவி ஓசன்தான், அவனை விட்டுவிடும்படி கொஹாருவுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினாள். கொஹாருவும் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் உயிரை விடத் தயாராகிவிட்டாள் என்று ஓசனுக்கு உறைத்ததும், தன் பட்டுத்துணிகளையும் பிள்ளைகளின் உடுப்புகளையும் மூட்டை கட்டி, அடகு வைத்து அவளை மீட்டு வா என்கிறாள் புருஷனிடம். மீட்டு வந்தால் உன் கதி என்ன என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. ஆயாவாகவோ சமையல்காரியாகவோ இருந்துகொள்கிறேன் என்கிறாள். கடைசியில் ஜிஹேயும் கொஹாருவும் சாகிறபோதுகூட, ஓசனுக்குச் செய்யும் மரியாதையாக, இரண்டு பேரும் தள்ளித் தள்ளி வேறு வேறு இடத்தில் சாகிறார்கள். 

நாடகத்தை நான் சொல்லி முடித்ததும் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"என் அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்தது."

'ஐஜின்' வந்த வருஷம் அவருக்கு இருபத்தாறு வயசு. லீவுக்கு ஊருக்குப் போனால், அம்மா அரிசி களைந்துகொண்டே அந்தப் பாட்டை முணுமுணுப்பாளாம். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இதை ஏன் நீ பாடுகிறாய் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். "மெட்டு நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா குழாயைத் திறந்துவிட்டாளாம்.

அப்பா போன பிறகு நடந்ததுதான் விஷயம். ஜப்பானில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். பெயர், விலாசம், தொகை எல்லாம் நோட்டில் ஏற வேண்டும், பிற்பாடு ஒவ்வொருவருக்கும் பதில் மரியாதை அனுப்ப வேண்டும். நம் மொய் நோட்டேதான். மகன் கணக்கு படித்தவன் என்பதால் நோட்டு அவர் கையில். ராத்திரி உட்கார்ந்து சரிபார்த்தால் ஒரு உறை அதிகம். பணம் இருக்கிறது, பெயர் இல்லை. யார் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தோடு கூட்டமாக வந்து, பெயர் எழுதாமல், முகம் நிமிராமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நோட்டில் ஏற்ற மனசில்லை. அம்மா பார்த்துவிட்டாள். 'எழுது' என்றாள். 'பெயர்?' என்றேன். 'வந்த பணத்துக்கு வரவு வைக்க வேண்டாமா? எழுது' என்றாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுத் தொகையை எழுதினேன். அம்மா பக்கத்தில் நின்று கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. போய்ப் படுத்துக்கொண்டாள்."

நாற்பது வருஷம் கணக்கெழுதிய வாழ்க்கையில் பெயரில்லாமல் அவர் வைத்த ஒரே வரவு அதுதானாம். சொல்லிவிட்டு, "பரவாயில்லை" என்றார். தமிழில்.

நான் யோசித்துப் பார்த்தேன். 'ஐஜின்' பாட்டில் யார் பெயரும் கிடையாது. அவன் என்ன வேலை, எந்த ஊர், எதுவும் கிடையாது. ஓர் அறை, ஒரு காத்திருப்பு. அரிசி களையும் இடத்திலிருந்து பாடினாலும் பொருந்தித்தான் போகிறது. எழுதியவர் ஓர் ஆண், அராகி தொயோஹிசா. இது பெண்களுக்குப் பொறுமையைப் போதித்து ஆண்களுக்குச் சௌகரியம் செய்கிற பாட்டு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு எந்த வீட்டில் எந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது எழுதியவர் கையிலும் இல்லை, போன் பண்ணிப் போடச் சொன்னவர் கையிலும் இல்லை.

தெரெசா டெங் 1995 மே மாதம் தாய்லாந்தில், சியாங் மாய் நகரத்தில் ஆஸ்துமா தாக்கி இறந்துபோனார். 42 வயசு. பாட்டுகள் இருக்கின்றன. தேடினால் உங்கள் செல்போனிலேயே கிடைக்கும். மொழி புரியாது, பரவாயில்லை. கேட்கும்போது பாடுகிறவள் பெரிய வீடா, சின்ன வீடா என்று மட்டும் தீர்மானித்துவிடாதீர்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.